ஜிந்தாபாத்தின் அட்டைப்பெட்டி ஏடிஎம்

ஏடிஎம் மெஷினுக்கு வெளியே நின்று வேலை பார்த்தவர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்த ஒரே மனிதர் எங்கள் ஜிந்தாபாத் அண்ணன்தான். நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் பழங்காநத்தத்தில் ஐம்பதைத் தாண்டிய யாரையாவது பிடித்துக் கேட்டுப் பார்க்கலாம். பாதிப் பேர் அவரிடம் கார்டைச் சொருகிப் பணம் வாங்கியவர்கள். அந்தப் பணம் எந்தக் கடையிலும் செல்லாது என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பழங்காநத்தம் வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் நாள் காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் கலவரம் நடப்பதுபோல ஒரு சத்தம். பதறி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த காசாளர் தலையை நிமிர்த்தாமலே, "ஒண்ணுமில்ல தம்பி, ஜிந்தாபாத் அண்ணன் டீ சொல்லிட்டு வாராரு" என்றார்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஊழியர் சங்கத்தின் கிளைச் செயலாளர். வாசல் கூட்டத்தில் அவர் ஒரு தடவை "ஜிந்தாபாத்" என்று சொன்னால், எதிர்ச்சாரி சைக்கிள் கடையில் காற்றடிக்கிறவர் டியூப்தான் வெடித்துவிட்டது என்று கையை எடுத்துவிடுவார். ஆளோ ஒல்லி. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால், போட்டிருந்ததைவிட மாட்டியிருக்கும்போது சட்டை கொஞ்சம் சதைப்பிடிப்பாகத் தெரியும். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர். கோபம் தலைக்கேறினால் தமிழை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் போய்விடுவார். கிளையில் வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது. அதனால் பத்து வருடம் அவரிடம் திட்டு வாங்கியும் என்ன திட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருடைய ஒரே எதிரி கம்ப்யூட்டர். அதை அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்க்காததால் பகை இன்னும் பலமாக இருந்தது. கம்ப்யூட்டர் வந்தால் பத்துப் பேர் வேலையை ஒரு பெட்டி தின்றுவிடும் என்று மதிய இடைவேளைகளில் வாசலில் நின்று பேசுவார். நாங்கள் சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கோஷம் போடுவோம்.

ஒரு சித்திரை வெயிலில், கிளைக்குக் கம்ப்யூட்டர் வருகிறது என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். பதினொரு மணிக்கு ஒரு டிரைசைக்கிளில் பெரிய பெட்டி வந்தது. அண்ணன் தோளில் கிடந்த துண்டை ரோட்டில் விரித்து வண்டிக்கு முன்னால் படுத்துவிட்டார். மேனேஜர் கெஞ்சினார். டிரைசைக்கிள்காரர் தனக்கு இன்னொரு லோடு இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை. தார் ரோடு துண்டைத் தாண்டி முதுகைச் சுட்டதில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை புரண்டு மட்டும் படுத்தார். கடைசியில் மேனேஜரே பெட்டியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்தது வாட்டர் ஃபில்டர். ஊழியர்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று மூன்று வருடம் மனு எழுதி அண்ணனே போராடிக் கேட்டது. எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "போராட்டம் வெற்றி" என்று அறிவித்துவிட்டு உள்ளே போனார். ஒரு வாரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியவில்லை.

நிஜக் கம்ப்யூட்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத நேரத்தில் வந்து இறங்கியது. அதற்கென்று கண்ணாடித் தடுப்பு வைத்து ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மனுசனுக்கு ஃபேன், மெஷினுக்கு ஏசியா என்று அண்ணன் கொதித்தார். நேரில் கண்டனம் தெரிவிக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் கண்டனம் தெரிவித்தார். மறுநாளும் போய்த் தெரிவித்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டு டப்பாவோடு போனார்.

எங்கள் மேனேஜர் அமைதியானவர், அதைவிடக் கெட்டிக்காரர். கிளைக்கு ஒருவரைக் கம்ப்யூட்டர் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அண்ணனுக்குப் பயந்து யாரும் பெயர் கொடுக்கவில்லை. மேனேஜர் அண்ணனையே கூப்பிட்டு, நீங்களே போய் அந்த மெஷினில் என்னென்ன குறை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், நான் மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். அண்ணன் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். டீக்கடையில் என்னைத் தனியாக உட்கார வைத்தார். நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது, அதுவும் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி.

"மாப்ள, அங்க ஒரு பிள்ள கணக்கு நம்பரத் தட்டுச்சு. பேரு, கையெழுத்து, இருப்பு, அம்புட்டும் கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள வந்து நிக்குது. எனக்கு நம்ம பெஞ்சு ஞாபகம் வந்துருச்சுடா" என்றார்.

எங்கள் கிளையில் சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு உண்டு. பணம் எடுக்க வருகிறவர்கள் பித்தளை டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு அதில்தான் காத்திருப்பார்கள். லெட்ஜர் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய், அங்கே கையெழுத்தாகி, காசாளரிடம் வர இரண்டு மணி நேரம் ஆகும். பென்ஷன்காரர்கள் அதிலேயே ஒரு தூக்கம் போட்டு எழுவார்கள்.

"எத்தன பேர நாம சும்மா உக்கார வச்சே வயசாக்கிருக்கோம்" என்றார் அண்ணன். அந்த ஒரு வரியை மட்டும் அவர் மெதுவாகச் சொன்னார்.

அதோடு ஆள் மாறிவிட்டார். சாதாரண மாற்றமில்லை. ஆயுத பூஜைக்கு, அதற்குள் மூன்றாகியிருந்த கம்ப்யூட்டர்களின் எல்லாத் திரையிலும் சந்தனம் பூசி, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்தார். துடைக்க விடவில்லை. அந்த வாரம் முழுக்கக் கணக்கு வைத்திருப்பவர்களின் இனிஷியல் குங்குமத்துக்கு அடியில் போய்விட்டது. சங்கத்து மேல்மட்டத் தோழர்கள் விசாரிக்க வந்தார்கள். அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, ஏசி அறையில் உட்கார வைத்து, ஒவ்வொருவருடைய பெயரையும் பெரிய எழுத்தில் திரையில் வரவைத்துக் காட்டினார். வந்த வேலையை மறந்துவிட்டு ஆளுக்கொரு பிரிண்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சில வருடங்களில் அடுத்தது வந்தது. பழங்காநத்தத்துக்கும் அவனியாபுரத்துக்கும் சேர்த்து வட்டார அலுவலகம் ஒரே ஒரு ஏடிஎம் ஒதுக்கியிருந்தது. எந்தக் கிளையில் முதலில் இருநூறு பேர் கார்டு வாங்குகிறார்களோ அங்கேதான் மெஷின் என்றார்கள். அவனியாபுரத்தில் பட்டறைக்காரர்கள் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. டீக்கடைக்காரர் எங்களை மடக்கினார். "சுவத்துக்குள்ள இருந்து காசு வருதுன்னா, சுவத்துக்குப் பின்னாடி யாரு இருக்கா? அவன யாரு பாத்தா?" என்றார்.

அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது பெஞ்சுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. முன்பக்கம் சதுரமாக ஒரு ஜன்னல். அதில் ஒரு சிலேட்டு. அதற்குக் கீழே, கெட்டுப்போன கால்குலேட்டர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கார்டு சொருக ஒரு கீறல், பணம் வர ஒரு கீறல். சுற்றிவந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்டி பேசியது.

"லேட்டா வாரியே மாப்ள, மணி என்ன ஆச்சு?"

உள்ளே அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சாக்பீஸ், பழைய படிவத்தில் வெட்டி நூறு என்று எழுதிய காகிதக் கட்டு, ஒரு கைவிசிறி. ஜனங்களுக்குப் பழக்கம் வரும்வரை அதற்குள்தான் இருக்கப் போவதாகவும், தன் மேஜையை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறொன்றும் செய்யவில்லை.

முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். அட்டைத் துண்டு ஒன்றைச் சொருகினால் உள்ளிருந்து ஒரு கை அதை இழுத்துக்கொள்ளும். சிலேட்டில் 'நம்பர்' என்று எழுதி வரும். அழுத்தினால் 'எவ்வளவு' என்று வரும். பிறகு காகிதம் வரும். இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் அண்ணனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? கார்டைச் சொருகியதுமே பெட்டி வந்தவரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டது. மகள் கல்யாணத்துக்குத் தேதி வைத்தாயிற்றா என்றது. தப்பு நம்பர் அழுத்தினால் அதட்டியது. இரண்டே நாளில் கூட்டம் வாசலைத் தாண்டியது. கடன் மனு தள்ளுபடியான ஒருவர் மேனேஜரை விட்டுவிட்டுப் பெட்டியிடம் வந்து முறையிட, பெட்டிக்கும் அவருக்கும் இருபது நிமிடம் வாக்குவாதம் நடந்தது. கடைசிப் பத்து நிமிடம் பெட்டி சௌராஷ்டிரத்தில் பேசியது. பதினொரு மணிக்குப் பணம் வரும் கீறல் வழியாக டீ கிளாஸ் உள்ளே போகும். வட்டார மேலாளர் முன்னறிவிப்பில்லாமல் சோதனைக்கு வந்த அன்று, காலியாகக் கிடந்த மேஜையைக் காட்டி இந்த இடத்து ஆள் எங்கே என்று கேட்டார். மேனேஜர் பெட்டியைக் கை காட்டினார். வட்டார மேலாளர் சந்தேகத்தோடு அட்டையைச் சொருகினார். புதிதாக வந்தவர்; அண்ணனுக்கு ஆளைத் தெரியாது.

"நம்பரச் சத்தமாச் சொல்லாதீங்க அண்ணே, பின்னாடி மேனேஜர் நிப்பாரு. ஒரு மாதிரியான ஆளு" என்றது பெட்டி.

அந்தக் கூட்டத்தில்தான் பஞ்சவர்ணம் வந்தாள். அவனியாபுரத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடும் வேலை. சம்பளம் எங்கள் கிளையில் விழும். எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் பார்த்துப் பழகியதில் எண்கள் மட்டும் தெரியும். பணம் எடுக்க வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம்தான் படிவம் எழுதி வாங்கிக் கைநாட்டு வைப்பாள். எழுதிக் கொடுப்பவர் அவள் புருஷனுக்குப் பழக்கம். அவள் எவ்வளவு எடுத்தாள், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே தெரிந்திருக்கும். அவளுடைய மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பணம் கணக்கில் இருந்தது. ஆனால் எடுத்த பணம் புருஷன் கைக்குப் போகாமல் கல்லூரிக்குப் போய்ச் சேருமா என்பதுதான் அவள் கவலை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று அவள் வரிசையில் நின்று, முறை வந்ததும், பெட்டிக்கு முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, இதுல யாரும் எழுதித் தர வேணாமா?"

பெட்டிக்குள் கைவிசிறிச் சத்தம் நின்றது. நான் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"வேணாம் தாயி. நாலு நம்பர் போதும். அத எங்கிட்டக்கூடச் சொல்லக் கூடாது" என்றது.

அதற்குப் பிறகு பட்டறை மதிய இடைவேளையில் பஸ் பிடித்து அவள் பல நாள் வந்தாள். அட்டையைச் சொருகுவாள், அழுத்துவாள், காகிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போவாள். அவளிடம் மட்டும் பெட்டி வம்பு பேசாது. நல்லா இருக்கியா தாயி என்று கேட்பதோடு சரி.

இருநூறாவது விண்ணப்பத்தில் டீக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். அவனியாபுரத்தைவிட நாங்கள் நான்கு நாள் முந்திக்கொண்டோம். நிஜ மெஷின் வந்தது. வாசல் பக்கத்து அறையில் பதித்து, ரிப்பன் கட்டி, நாதஸ்வரம் வைத்து, வட்டார மேலாளரைக் கூப்பிட்டிருந்தோம். தெரு முழுக்கக் கூட்டம். எல்லோர் சட்டைப்பையிலும் புதுக் கார்டு.

வட்டார மேலாளர் ரிப்பனை வெட்டினார். முதல் கார்டு தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று சொருகினார். நம்பரை அழுத்தினார். தவறு என்று வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி அழுத்தினார். தவறு. அவர் தன் கல்யாண நாளை நம்பராக வைத்திருந்ததாகவும், கல்யாண நாள் எது என்பதில்தான் குழப்பம் என்றும் பிற்பாடு அவருடைய டிரைவர் சொன்னார். மூன்றாவது தடவையும் தப்பாக அழுத்தியதும் மெஷின் ஒரு சத்தம் போட்டது. கார்டு திரும்பி வரவே இல்லை. நாதஸ்வரம் நின்றுவிட்டது.

"பெரியவரு கார்டையே முழுங்கிருச்சு, நம்ம கார்டெல்லாம் எம்மாத்திரம்" என்று டீக்கடைக்காரர் சொன்னது பின்வரிசைவரை கேட்டது. ஒருவர் தன் கார்டை எடுத்து என் கையில் திணித்துவிட்டு நடந்தார். பின்னாலேயே நான்கைந்து பேர். இத்தனை நாள் அண்ணன் பெட்டிக்குள் புழுங்கிக் கிடந்து சேர்த்த கூட்டம் என் கண் முன்னால் கலைந்துகொண்டிருந்தது. அண்ணனைப் பார்த்தேன். மூன்று தடவை தப்பாகப் போட்டால் திருட்டுப் போகாமல் இருக்கத்தான் மெஷின் கார்டை வைத்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததேயில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஞ்சவர்ணம் வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக மெஷின் முன்னால் போய் நின்றாள். அண்ணன் சட்டென்று அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்று, துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். வட்டார மேலாளர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. அவுக நம்பர் போடப் போறாக" என்றார் அண்ணன்.

வட்டார மேலாளர் திரும்பிக்கொண்டார். மேனேஜரும் திரும்பிக்கொண்டார். ரிப்பன் வெட்டும் விழாவில் அதிகாரிகள் எல்லோரும் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்ற போட்டோ எங்கள் கிளையில் வெகு காலம் மாட்டியிருந்தது.

பஞ்சவர்ணம் கார்டைச் சொருகினாள். மெஷின் ஒன்றும் பேசவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு தயக்கத்தோடு மெஷினைப் பார்த்து, "நல்லா இருக்கீகளா அண்ணே?" என்றாள்.

துண்டைப் பிடித்தபடி, திரும்பாமலே, அண்ணன் பதில் சொன்னார். "நல்லா இருக்கேன் தாயி. நீ நம்பரப் போடு."

உள்ளே கடகடவென்று ஏதோ ஓடியது. ரூபாய் வெளியே வந்தது. அவள் அதை எண்ணக்கூட இல்லை. காகிதத்தைச் செருகியதுபோலவே இடுப்பில் செருகிக்கொண்டாள். கார்டு திரும்பி வந்ததும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வந்த வழியே போய்ப் பஸ் ஏறிவிட்டாள். கைதட்டக்கூட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வரிசையில் யார் முதலில் நிற்பது என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. என் கையில் கார்டைத் திணித்தவர் மூச்சிரைக்க ஓடி வந்து பிடுங்கிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் மெஷினில் பணம் தீர்ந்துவிட்டது. பஞ்சவர்ணத்தின் மகள் அந்த வருடமே நர்சிங்கில் சேர்ந்தாள்.

ஆனால் அண்ணன் முதலில் பயந்ததும் பொய்யாகவில்லை. மெஷின்கள் பெருகப் பெருக ஆட்கள் குறைந்தார்கள். விருப்ப ஓய்வு என்று சுற்றறிக்கை வந்தது. காசாளர் போனார். இன்னும் நான்கு பேர் போனார்கள். அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. உங்கள் மெஷின் செய்த வேலையைப் பார்த்தீர்களா என்று ஒருநாள் கோபத்தில் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். என்னைத் திட்டுவார், அதுவும் புரியாத மொழியில் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பெஞ்சுல இப்ப யாராச்சும் உக்காந்திருக்காகளா, பாரு" என்றார். பெஞ்சு காலியாக இருந்தது. "அது எனக்குச் சந்தோசம்தான் மாப்ள. ஆனா நம்ம பயலுக வீட்டுக்குப் போனது வேற கணக்கு. அதுக்கு நான் கத்தத்தான் போறேன்."

அப்படியே செய்தார். காலி இடங்களை நிரப்பு என்று மதியம் வாசலில் நின்று கத்துவார். கத்தி முடித்த கையோடு உள்ளே வந்து, துண்டால் ஏடிஎம் திரையைத் துடைப்பார். இரண்டுக்கும் அவருக்கு ஒரே சுறுசுறுப்பு. இது எதில் சேர்த்தி என்று எங்களுக்குத்தான் குழம்பியது, அவருக்கு இல்லை.

அறுபது வயதில் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் எல்லோரையும் மதிய வெயிலில் வாசலுக்கு வரவைத்து, எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜிந்தாபாத் போட்டார். என் பெயருக்கு இரண்டு தடவை போட்டார்.

மறுநாளிலிருந்து கிளை அமைதியாகிவிட்டது. என் மேஜை விளிம்பில் யாரும் உட்காரவில்லை, என் டீயை யாரும் எடுத்துக் குடிக்கவில்லை, எதற்கும் யாரும் என்னைத் திட்டவில்லை. வேலை அன்றன்றைக்கே முடிந்தது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். நான்காவது வாரம் இடமாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், குடும்ப விஷயம் என்று எழுதினேன்.